அறை வெப்பநிலையில் ஓர் ஆந்தை

எங்கள் இருவருக்கும் பின்னால் பிறந்து, எங்கள் இருவர் பேச்சையும் கேட்காமலே ஆளாகிவிட்ட அன்புத் தம்பிக்கு,

பெரியக்கா ஆசி கூறி எழுதுவது. இங்கு நான் நலம். உன் சின்னக்காவும் நலம். இக்கடிதம் எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம். அங்கு நீயும் உன் மனைவியும் மக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாருக்காவது தலைவலியோ காய்ச்சலோ வருவதாக இருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை ஒத்திப்போடச் சொல்.

சென்ற கடிதத்தில், 'அக்காங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கீங்களா?' என்று விசாரித்திருந்தாய். இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா. பின் இருக்கையில் உன் வழக்கப்படி பழைய செய்தித்தாள்களையும் செருப்புகளையும் பரப்பி வைக்காமல் துடைத்து வை. உன் சின்னக்கா, அவளுடைய மருந்துப் பெட்டி, தையல் பெட்டி, கம்பளிச் சட்டைகள், எந்நேரமும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் அவளுடைய வானொலிப் பெட்டி, இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போ. அவள் இனி அங்கே இருக்கட்டும். நான் இனி இங்கே இருக்கிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம் வாயு. அதற்கு வடிவமும் கிடையாது, பருமனும் கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் தானே வெளியேறிவிடும். வருத்தம் திரவம், எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோமோ அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். உன்னிடம் சொன்னால் ஒரு மாதிரி இருக்கும், மாடி வீட்டுக்காரரிடம் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். நான் எடுத்திருப்பது திட முடிவு. அதற்குத் தனக்கென்று வடிவம் உண்டு, பருமன் உண்டு, தலையில் போட்டால் வலிக்கும் அளவுக்கு எடையும் உண்டு. வாழ்நாளெல்லாம் பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள் நான். 'திடம்' என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி பயன்படுத்துகிறவள் அல்ல என்பது உனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த நம் அப்பா, 'ஒரே ஆளு கண்ணு பார்த்த எழுத்து வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது' என்று போட்ட சட்டம் இந்த வீட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அவள் எழுதுவதை நான் படிக்கிறேன்; நான் எழுதுவதை அவள், அப்பாவின் சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கிறாள். இதையும் அவள் படித்த பிறகுதான் உறையில் போடுவேன். ஆகவே அவள் முகத்துக்கு நேரே சொல்ல அஞ்சும் எதையும் இதில் எழுதவில்லை. அப்படி அஞ்சும்படியான விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வரலாறு இதுதான். இந்த வீட்டில் ஏசி என்கிற குளிர்சாதனப் பெட்டி ஒன்றே ஒன்று, கூடத்துச் சுவரில் இருக்கிறது. என் அறைக் கதவும் அவள் அறைக் கதவும் கூடத்தை நோக்கித் திறப்பவை. எனவே கூடத்தின் வெப்பநிலைதான் எங்கள் இருவர் வெப்பநிலையும். நான் அதை இருபத்தைந்தில் வைப்பேன். அது என் சொந்த விருப்பம் அல்ல; நான் படித்த, நடத்திய புத்தகங்களில் அறை வெப்பநிலை என்று போட்டிருக்கும் எண். உன் சின்னக்காவோ மருத்துவமனை வார்டுகளில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குத் தெரிந்த ஒரே வெப்பநிலை மனித உடம்பினுடையது. அறையும் அதை எட்டிப்பிடிக்க முயல வேண்டும் என்பது அவள் கொள்கை. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பெட்டியை அணைப்பாள், சன்னல்களைச் சாத்துவாள், முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்காருவாள். 'குளிரு எலும்புக்குள்ள போகுதுக்கா.' 'எலும்புக்குள்ள போறதுக்கு அது என்னடி, ஊசி மருந்தா?' இப்படியே இந்தக் கோடை முழுவதும் போயிற்று. அவள் ஆட்சியில் சன்னலோரத்து மெழுகுவர்த்திகள் எல்லாம் முதுகு வளைந்து, யாருக்கோ வணக்கம் வைப்பதுபோல் குனிந்துவிட்டன. சமையலறையில் வெண்ணெய் கிண்ணத்தில் குளமாயிற்று. என் ஆட்சியில் தேங்காய் எண்ணெய் போத்தலில் கல்லாகிவிட்டது என்று அவள் புகார். உண்மையில் பாதிதான் கல். மீதிப் பாதி நன்றாக ஓடியது. பாதியாவது ஓடுகிற ஒன்றைக் கல் என்பது பொய் என்றேன். 'அப்ப நீயே அந்தப் பாதியைத் தேடி எடுத்துத் தலையில தேச்சுக்கோ' என்று போத்தலைத் தலைகீழாக என் மேசையில் நிறுத்திவிட்டுப் போனாள். ஒரு முறை அவள் களிம்புக் குழாயில் 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று இருந்ததை எனக்கு எதிரான சாட்சியமாக நீட்டினாள். எந்த அறை என்று அதில் போடவில்லையே என்றேன். 'என் களிம்பு, அப்ப என் அறை' என்றாள். இதற்கு நீதிமன்றத்திலும் பதில் கிடைக்காது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஆந்தை விஷயத்தில்.

கூடத்துக் கண்ணாடி அலமாரியின் உச்சித் தட்டில் இருக்கும், கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய என் வெள்ளி நிற ஆந்தையை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, 'இதென்னக்கா, கோழியா?' என்றும் கேட்டிருக்கிறாய். அது வெள்ளி அல்ல. காலியம் என்ற உலோகம். நான் ஓய்வு பெற்ற நாளில், கடைசி வகுப்புப் பெண்கள் தாங்களே வார்த்துக் கொடுத்தது. தேர்வு மண்டபத்தில் நான் கண்ணிமைப்பதே இல்லை என்பதால் ஆந்தை. காலியத்தில் செய்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், 'இரும்பு திடமா, திரவமா?' என்று கேட்பேன். 'திடம் மேடம்!' என்று ஒரே குரலாகச் சொல்வார்கள். 'எந்த வெப்பநிலையில்?' என்பேன். விழிப்பார்கள். அதைச் சொல்லாமல் ஒரு பொருளைத் திடம் என்றோ திரவம் என்றோ எழுதிய எவளும் என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியதில்லை. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் அதே கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுப்பேன். காலியம் முப்பது டிகிரிக்கு ஒரு மயிரிழை கீழேயே உருகிவிடும். குளிர்ந்த கூடத்தில் ஆந்தை. புழுங்கும் கூடத்தில் குழம்பு. கெட்டிக்காரப் பெண்கள். எனக்குப் 'பாதரசம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர்களும் அவர்களே. எதிலும் ஒட்டாது, உள்ளே போனால் ஆபத்து, ஆனால் காய்ச்சலை அளக்க வேறு வழியில்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கமாம்.

அன்று நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை ஓய்வூதிய அலுவலகத்தில் நேரில் காட்டிவிட்டு வரப் போயிருந்தேன். என்னைப் பார்த்த பிறகும் அவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை, தாமதமாயிற்று. வீடு திரும்பினால், தெருவில் வாசலுக்கு எதிரே மாடி வீட்டுக்காரர் பனியனோடு நிற்கிறார். அவர் மனைவி ஈரத் தலையில் துண்டோடு நிற்கிறார். எங்கள் வாசற்படியில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மோதிரம் வளையல் எல்லாம் கழற்றிய கையை உயர்த்தி, உன் சின்னக்கா போக்குவரத்தை நிறுத்துகிறாள்.

'உள்ள வராதேக்கா! பாதரசம்!'

'தெருவுல நின்னு பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடாதேடி.'

'உன்னை இல்லக்கா! நெஜப் பாதரசம்! அலமாரி பூரா கொட்டிக் கிடக்கு. தெர்மாமீட்டர் உடைஞ்சிருக்கணும்.'

நான் போனதும் அவள் வழக்கப்படி பெட்டியை அணைத்திருக்கிறாள். நான் வீட்டில் இருந்தவரை முப்பதைத் தாண்ட விடாமல் காத்துவந்த கூடம் முப்பத்துமூன்றைத் தொட்டிருக்கிறது. ஆந்தை உட்கார்ந்த இடத்திலேயே உருகி, தட்டின் விளிம்பு தாண்டிச் சொட்டியிருக்கிறது. தூங்கி எழுந்து வந்தவள் கண்ணில் பட்டது பளபளவென்று ஓடும் ஓர் உலோகம். ஆயுள் முழுக்க வார்டில் பாதரசம் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவள். கை தானே இயங்கிவிட்டது. ஆட்களை வெளியேற்று, மின்விசிறியை நிறுத்து, சன்னலைத் திற, நகையைக் கழற்று, இரண்டு அட்டைகளால் ஒதுக்கிச் சேர். எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தாள், பொருள் மட்டும் வேறு. ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது சில துளி. அலமாரியில் கிடந்தது ஒரு கை அளவு. அத்தனை பாதரசம் கொட்டுவதற்கு நம் வீட்டில் ஒரு மருத்துவமனையே உடைந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

'அது உருண்டையா உருண்டு ஓடுச்சா, இல்ல பூசின மாதிரி ஒட்டுச்சா?' என்றேன்.

'ஒட்டுச்சு. அட்டையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு.'

'அப்ப அது பாதரசம் இல்ல. பாதரசம் ஒட்டாது. அது என் ஆந்தை.'

'நீ பாட்டுக்குச் சொல்லுவே. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், இல்ல இல்லன்னுட்டு ஐசியூவுக்கு வந்தவங்களை.'

மாடிக்காரர் நடுவில் புகுந்தார். 'மேடம், சிஸ்டர், ரெண்டு பேருமே படிச்சவங்க. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கும்ல? எனக்கு உள்ள அடுப்பு எரியுது.'

வழி இருந்தது. அடர்த்தி. பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனம். இரும்பும் பித்தளையும் அதன் மேல் தக்கையாக மிதக்கும். காலியம் ஆறு மடங்குதான். அதில் இரும்பும் பித்தளையும் மூழ்கும். அவள் அதை வழித்துச் சேர்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் மருந்துக் கோப்பையை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கைக்கு எட்டாத தூரத்தில், பாம்பைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து படியில் வைத்தாள். மாடிக்காரரின் கையில் இருந்த தபால் பெட்டிச் சாவியை, சின்னஞ்சிறிய பித்தளைச் சாவி, வாங்கிப் போட்டேன். போன இடம் தெரியவில்லை. 'மூழ்கிருச்சு!' என்று நானே கைதட்டினேன். மாடிக்காரரும் கைதட்டினார். பிறகு, 'மேடம், என் சாவி?' என்றார். இடுக்கியால் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். புத்தம் புதிதாய் வெள்ளி போல் மின்னியது. அதற்குப் பிறகு எந்தப் பூட்டுக்குள்ளும் அது நுழையவில்லை என்பதை அவர் இன்றுவரை படியேறும்போதும் இறங்கும்போதும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.

இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. சொட்டிய காலியத்தில் ஒரு பங்கு, அலமாரியில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய அலுமினியக் கைத்தடியின் மேல் விழுந்திருந்தது. அவள் அதை ஒரு துணியால் அழுத்தித் துடைத்தாள். சுத்தமாகிவிட்டது என்று இருவருமே நினைத்தோம். காலியத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. உள்ளே புகுந்து, வெளியே ஒன்றும் காட்டாமல், அதைப் பொரித்த அப்பளமாக்கிவிடும். மேல்பூச்சு இருந்தால் புகாது. ஆனால் உன் சின்னக்கா அந்தத் தடியால் தட்டாத கதவு, தட்டாத மேசைக்கால், தட்டாத மனிதர் இந்த வட்டாரத்தில் இல்லை என்பதால், பூச்சு முழுவதும் கீறல். மறுநாள் காலை சோபாவில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முன்னால் நின்று, தடியில் கையை ஊன்றி, பெட்டியை ஏன் மறுபடியும் இருபத்தைந்தில் வைத்தாய் என்று கேட்க வாயைத் திறந்தாள். தடி மளுக்கென்று முறிந்தது. அவள் என் மடியில் விழுந்தாள். பார்வைக்கு நாங்கள் இருவரும் ஒரே பருமன்; ஒருத்தி சட்டை இன்னொருத்திக்குச் சரியாக இருக்கும். ஆனால் அவளுடைய அடர்த்தி என்னுடையதைவிட அதிகம் என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தொடையில் கன்றிப்போயிற்று. நான் அந்த நேரத்தில் அந்தச் சோபாவில் இல்லாமல் சமையலறையில் இருந்திருந்தால் அவள் விழுந்திருக்கக்கூடிய இடம் கருங்கல் தரை. அதன் கடினத்தன்மை எனக்குத் தெரியும். இதைப் பற்றி மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

மடியிலிருந்து எழுந்திருக்காமலே ஆரம்பித்தாள். 'என்னைக் கொல்லப் பார்த்தே.'

'கொல்றதா இருந்தா இத்தனை வருஷம் ஏண்டி காத்திருக்கணும்?'

'அந்தப் பறவை இந்த வீட்டுல இருக்கக்கூடாது.'

'அது பறவை இல்ல. இப்ப அது ஒரு கப்பு திரவம்.'

'எதுவா இருந்தாலும் சரி. அது இருக்கணுமா, நான் இருக்கணுமா? ஒண்ணு சொல்லு.'

தம்பி, நீ என்னை அறிவாய். கேள்வி தெளிவாக இருந்தால் விடையும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. 'அது' என்றேன்.

எழுந்தாள். துடைப்பக் கட்டையை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டாள். 'தம்பியை வரச் சொல்லு. நான் போறேன்' என்றாள். 'சொல்றேன்' என்றேன். சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஆந்தையை மறுபடி உறைய வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். ஆந்தை வடிவத்துக்கு அச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உறைய வேண்டும். கூடத்தை இருபத்தைந்தில் வைத்தேன். கோப்பையில் இருப்பது அசையவில்லை. அதாவது, அசைந்துகொண்டே இருந்தது. இருபதில் வைத்தேன். பதினெட்டு. பதினாறு, அதற்குக் கீழே அந்தப் பெட்டியில் எண் இல்லை. முப்பதிலேயே உறைந்திருக்க வேண்டியது பதினாறிலும் தண்ணீராகத் தளும்பிக்கொண்டு நிற்கிறது. காலியத்தின் குணமே அதுதான். உறைநிலைக்கு எவ்வளவோ கீழே போனாலும் பிடிவாதமாகத் திரவமாகவே இருக்கும். ஏற்கெனவே உறைந்த காலியத்தின் துணுக்கு ஒன்று வந்து அதைத் தொட வேண்டும். தொட்டால் உடனே உறைய ஆரம்பித்துவிடும். அந்தத் துணுக்குக்கு நான் எங்கே போவேன்? ஒரு துளியை ஃப்ரிட்ஜின் பனி அறைக்குள் வைத்தால் போதும். ஆனால் ஃப்ரிட்ஜ் உன் சின்னக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. 'சாப்பாடும் மருந்தும் இருக்கிற இடத்துல ரசாயனம் வரக்கூடாது' என்பது அவள் வார்டிலிருந்து கொண்டுவந்த சட்டம். அந்தச் சட்டத்தில் குறையில்லை, நானும் ஆய்வகத்தில் அதையேதான் சொன்னேன். பனிக்கட்டியாவது கேட்கலாம். அவளிடம் பனிக்கட்டிக்குக் கையேந்துவதற்காக நான் இவ்வளவு படிக்கவில்லை. எனவே போர்வையைப் போர்த்திக்கொண்டு, கோப்பைக்கு எதிரே உட்கார்ந்து, 'உறையேன், சனியனே, ஒரு தூள் கூடவா உன்கிட்ட இல்ல' என்று அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் மூன்று கம்பளிச் சட்டைகளோடு சமையலறை அடுப்பை ஒட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பருவகாலம்.

இதற்கிடையே குளிர்சாதன மெக்கானிக் வந்தார். அவருக்கு ஒரே முகவரியிலிருந்து இரண்டு புகார் போயிருந்தன. ஒன்று, பெட்டி போதுமான அளவு குளிரவில்லை; இது என்னுடையது. மற்றொன்று, பெட்டி மனிதர்களைக் கொல்லும் அளவுக்குக் குளிர்கிறது, இது அவளுடையது. ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

'மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு.'

'அப்ப எதுல கோளாறு?' என்று கூடத்திலிருந்து நானும் சமையலறையிலிருந்து அவளும் ஒரே குரலில் கேட்டோம். அவர் என்னைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், ஏணியை மடக்கினார். 'அதுக்கு நான் ஆளில்லம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வா. அவளை அழைத்துச் செல்கையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன் இருக்கையில் உட்கார வைக்காதே, வண்டி ஓட்டும் விதத்தை வழி நெடுகத் திருத்துவாள். வீட்டில் தரையோடு தரையாக இருக்கும் அறையைக் கொடு. படி ஏறச் சொல்லாதே. முழங்காலுக்குக் காலையில் வெந்நீர் ஒத்தடம் வேண்டும்; வேண்டாம் என்பாள், கேட்காதே, துண்டை நனைத்துக் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விடு. மாலையில் தேநீருக்கு அரைக் கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டி கேட்பாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லையென்றால் நாளையே ஆள் வைத்துச் சுவரில் அடித்துவிடு. எஃகில் அடி. உன் வீட்டில் காலியம் ஏதும் இல்லை என்பது எனக்குத் தெரியும்; இருந்தாலும் அலுமினியம் வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு ஆசிகள். நீ நெடுங்காலம் உன் வண்டியோடும் உன் சோம்பலோடும் நலமாக வாழ்வாயாக.

இப்படிக்கு,
முடிவில் மாற்றமில்லாத
பெரியக்கா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

அப்பாவின் சட்டப்படி கடிதத்தை உன் சின்னக்காவிடம் கொடுத்தேன். சமையலறை மேசையில் வைத்து, கையுறை போட்ட கையில் சிவப்புப் பென்சிலோடு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். 'தையல் பெட்டி ஒண்ணுன்னு போட்டிருக்கே. என்கிட்ட ரெண்டு இருக்கு' என்றாள். திருத்தச் சொன்னேன். 'உன் மடியில நான் விழல. சோபாவுல விழுந்தேன். நடுவுல நீ இருந்தே' என்றாள். அதைத் திருத்தச் சம்மதிக்கவில்லை. வெந்நீர் ஒத்தடத்துக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. அங்கே பிழை எதுவும் இல்லை, நானே சரிபார்த்தேன். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய், 'திட முடிவு' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ஏதோ எழுதிக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். நான் ஆயிரம் விடைத்தாள்களில் எழுதிய அதே கேள்வி.

'சொல்லு. எந்த வெப்பநிலையில?'

'பதினாறுல' என்றேன்.

'பதினாறுல எல்லாரும்தான் கல்லு' என்றாள்.

துடைப்பக் கட்டையை ஊன்றி எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அதன் பனி அறையிலிருந்து, சொட்டு மருந்துப் போத்தலின் மூடி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குள் கடுகளவு சாம்பல் நிறத் துணுக்கு.

'என்னடி இது?'

'அலமாரி இடுக்குல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உன் பறவையோட காதோ மூக்கோ தெரியல. நீ கப்பைப் பார்த்துத் தூள் இல்ல, தூள் இல்லன்னு புலம்பறது அடுப்பங்கரை வரைக்கும் கேட்டுச்சு. சுரண்டி எடுத்து வச்சேன்.'

'ஃப்ரிட்ஜுலயா? ரசாயனம் கூடாதுன்னியே?'

'மூடி போட்டுத்தான் வச்சேன். பேசாம போடறியா, திருப்பி எடுத்துக்கிட்டுப் போகவா?'

போட்டேன். திடக் காலியம் திரவக் காலியத்தைவிட அடர்த்தி குறைந்தது, பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதைப்போல மிதக்கும்; துணுக்கு மேலேயே நின்றது. அதைச் சுற்றி முதலில் ஒரு மங்கல் படர்ந்தது. பிறகு கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் ஓரம் வரைக்கும் இறுகிக்கொண்டே போயிற்று. அவள் கோப்பையைக் கையில் எடுத்தாள். 'அக்கா, வெதுவெதுன்னு இருக்கே!' என்றாள். இருக்கும். உறையும் பொருள் வெப்பத்தை வெளியே விடும். புத்தகத்தில் உள்ளதுதான். அந்தக் குளிரில் நாங்கள் இருவரும் மாறி மாறி அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

கோப்பையிலிருந்து கழற்றி எடுத்தபோது அது ஆந்தை அல்ல. மருந்துக் கோப்பையின் வடிவம், பக்கவாட்டில் மருந்தளவுக் கோடுகள் உட்பட. 'இப்பத்தான் பார்க்க உருப்படியா இருக்கு' என்றாள். அலமாரியில் பழைய இடத்தில் அவளே வைத்தாள். அடியில் ஒரு பீங்கான் தட்டும் வைத்தாள்.

பிறகு நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். எண்ணெய் இளகியிருக்க இருபத்தைந்துக்கு மேல் போக வேண்டும். காலியம் இறுகியிருக்க முப்பதுக்குக் கீழே நிற்க வேண்டும். இருபத்தேழில் வைத்தால் எண்ணெய் ஓடும், ஆந்தை இருக்கும், முழங்கால் வாயை மூடிக்கொள்ளும். இருபத்தேழு எந்தப் புத்தகத்தின் அறை வெப்பநிலையும் அல்ல, எந்த மனித உடம்பின் வெப்பநிலையும் அல்ல. அதனால்தான் கோடை முழுவதும் எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த மாதம் வழக்கம்போல் வா. வருகையில் நல்ல மரக் கைத்தடி ஒன்று வாங்கி வா. பின் இருக்கையில் அதை மட்டும் வை. மாடிக்காரருக்கு ஒரு தபால் பெட்டிப் பூட்டும்.

இதையும் அவள் படித்துவிட்டாள். இருபத்தெட்டு என்று எழுதச் சொல்கிறாள். ஆந்தை தாங்கும். நானும் தாங்குவேன்.